முன்னோர் இறங்கிய மூன்று கரைகள்

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது தயங்கினோம். நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்றதும் கணக்கியலில்தான். வரலாறு எழுத எங்களைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் சென்ற டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று நாங்கள் சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றி எழுதினால் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. அதனால் ஒப்புக்கொண்டோம்.

விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் லங்காவிக்கும் கெந்திங்குக்கும் பாத்தாமுக்கும் போகின்றன. நாங்களும் போயிருக்கிறோம். அதில் குறை ஒன்றும் இல்லை. இந்த முறை வேறு வழியில் போனதற்குக் காரணம் ஒரு பேரேடு.

எங்கள் வாப்பா மௌத்தான பிறகு அவருடைய அலமாரியை ஒழித்துச் சுத்தம் செய்தோம். அடித்தட்டில் சிவப்புத் துணி அட்டை போட்ட மூன்று பழைய பேரேடுகள் இருந்தன. பாட்டனாருடையவை. கறையான் அரித்த பழைய தாள் என்று நினைத்து இரண்டைக் காராங்கூனிக்காரரிடம் போட்டுவிட்டோம். மூன்றாவது தப்பியது தற்செயல். உயர்நிலை ஒன்றில் படிக்கும் அண்ணன் மகள், அதன் கடைசியில் இருந்த வெற்றுப் பக்கங்களில் படம் வரையலாம் என்று எடுத்து வைத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து அவள்தான் வந்து கேட்டாள்: "சாச்சா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'பள்ளிக்கு 50 காசு' என்று எழுதியிருக்கிறதே, அந்தக் காசெல்லாம் எங்கே போனது?"

பேரேட்டின் முதல் பக்கத்தில் பினாங்கு என்றும் 1951 என்றும் இருந்தது. பாட்டனார் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூலியா தெருவில் ஒரு கடையில் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் சிங்கப்பூர் வந்தார். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்றைய கிள்ளான் துறைமுகமாகிய போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம் மக்களை ஏற்றி இறக்கியது. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு அதன் பெயரைச் சொன்னால் போதும், முகம் மாறிவிடும்.

பிள்ளையின் கேள்வி கணக்குக் கேள்வி. கணக்கியல் படித்த எங்களுக்கே பதில் தெரியவில்லை. அந்த 50 காசைத் தேடித்தான் வண்டியை எடுத்தோம்.

காற்று மாறும் வரை

இடங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், நம்மவர்கள் இந்தக் கரைக்கு ஏன் வந்தார்கள், வந்தவர்கள் ஏன் பள்ளிவாசல் கட்டினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

நாகப்பட்டினம், நாகூர், பறங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர்களும் பிற முஸ்லிம் வணிகர்களும் இங்கே கொண்டு வந்தது பெரும்பாலும் துணி. திரும்பும்போது மிளகு, ஈயம், பாக்கு ஆகியவற்றை ஏற்றிச் சென்றார்கள். பினாங்கு என்ற பெயரே பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்தான். ஐரோப்பியர் ஏடுகளில் இவர்கள் 'சூலியா' என்று குறிக்கப்படுகிறார்கள். அந்தப் பெயரைச் சோழ நாட்டோடு தொடர்புபடுத்துவார்கள்.

பாய்மரக் காலத்தில் கப்பலோட்டம் காற்றை நம்பி இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து வருவார்கள். வடகிழக்குக் காற்று தொடங்கினால்தான் ஊர் திரும்ப முடியும். நடுவில் மாதக்கணக்கில் இங்கேயே தங்க வேண்டும். தங்குகிறவனுக்கு ஒளுச் செய்ய நல்ல தண்ணீர் வேண்டும். தொழ இடம் வேண்டும். படுக்க ஒரு திண்ணை வேண்டும். காய்ச்சல் கண்டு இறந்துபோனால் கபன் இட்டு அடக்க நாலு பேரும் ஆறடி நிலமும் வேண்டும். இந்தத் தேவைகள் எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் ஒரே இடம்தான் இருந்தது. அதுதான் பள்ளிவாசல். முதலில் ஓலைக் கூரை, பிறகு பலகை, பிறகு செங்கல். நாங்கள் பார்த்த ஒவ்வொரு பள்ளிக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

பினாங்கு

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பாட்டனார் முதலில் இறங்கிய கரை அது என்பதால் அங்கிருந்தே தொடங்கித் தெற்கு நோக்கித் திரும்பி வருவது என்று முடிவு செய்தோம். பாலம் இருந்தாலும் பட்டர்வொர்த்தில் படகேறிப் போனோம். அவர் பார்த்ததுபோல் ஊரைக் கடலிலிருந்து பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நினைத்தோம்.

பிரான்சிஸ் லைட் 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்கை எடுத்துக்கொண்டார். புதிய துறைமுகம் தொடங்கிய உடனேயே சூலியாக்கள் வந்து குடியேறினார்கள். நகரின் முதல் தெருக்களில் ஒன்றுக்குச் சூலியா தெரு என்று பெயர் வந்தது. இன்றும் அதே பெயர்தான்.

அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் காதர் முகைதீன். பறங்கிப்பேட்டைக்காரர் என்று சொல்வார்கள். கம்பெனி அரசு அவரைக் கப்பித்தானாக, அதாவது தம் மக்களுக்குத் தலைவராக ஏற்றுக்கொண்டது. அவர் காலத்தில், 1801-இல், பள்ளிவாசலுக்கும் அடக்கத்தலத்துக்கும் என்று 18 ஏக்கர் நிலம் முஸ்லிம்களுக்குக் கிடைத்தது. அங்கே எழுந்ததுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்று நாம் காணும் பெரிய குவிமாடங்களும் விரிந்த தொழுகைக் கூடமும் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. 1910 அளவில் நியூபிரானர் என்ற கட்டடக் கலைஞர் மொகலாயப் பாணியில் அதை மாற்றியமைத்தார். 1930களிலும் விரிவு செய்தார்கள். கப்பித்தான் 1834-இல் காலமானார். அவருடைய அடக்கத்தலம் பள்ளிக்கு அருகே கம்போங் கோலம் தெருவில் இருக்கிறது. பள்ளிக்கு வருபவர்களில் பலர் அங்கே போவதில்லை. அவசியம் போய் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள்.

'கெலிங்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிவாசலின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அண்ணன் மகள் முகம் சுளித்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தச் சொல்லால் அவளை ஏசியிருக்கிறார்கள். கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் தென்னிந்தியர் எல்லோருக்கும் பொதுப்பெயராக வழங்கியது. பின்னாளில்தான் வசைச்சொல் ஆனது. "ஏசுகிறவர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தெருவில் அது தலைவர் ஒருவரின் பட்டம்" என்று சொன்னோம். அவள் பலகைக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

பள்ளிவாசல் இருக்கும் தெருவுக்கு முன்பு பிட் தெரு என்று பெயர். அதே தெருவில் 1818-இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம், நம் பள்ளிவாசல் என்று நான்கையும் கால்மணி நேர நடையில் பார்த்துவிடலாம். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் உலக மரபுடைமைத் தலங்களாக அறிவிக்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட தெருக்களும் காரணம்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு சிறிய நாகூர் தர்கா இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களைக் கடலோடிகள் நினைத்துக்கொண்டது வழக்கம். புயலில் தப்பி வந்தவர்கள் இறங்கிய கரையிலேயே ஒரு நினைவிடம் எழுப்பினார்கள். தர்கா பற்றி நம்மிடையே இன்று கருத்து வேறுபாடுகள் உண்டு. இங்கே அந்த விவாதத்துக்குள் போகவில்லை. உயிர் தப்பியவர்கள் நன்றியோடு எழுப்பிய கட்டடம் என்ற வரலாறு எல்லோருக்கும் பொதுவானது.

அடுத்த தெருக்களில் நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்ப முடியாது. தோளில் காவடிபோல் ஒரு கழி, அதன் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. துறைமுகத் தொழிலாளர்களுக்கு நம்மவர்கள் அப்படிச் சுமந்து விற்ற சோறு அது. கண்டார் என்பது அந்தக் கழிக்குப் பெயர். இன்று குளிரூட்டப்பட்ட உணவகங்களில் விற்கிறது. விலையைப் பார்த்துவிட்டு, பாட்டனாரின் பேரேட்டில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எழுதியிருந்த காசைப் பிள்ளைகளிடம் காட்டினோம். அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாட்டனார் வேலை பார்த்த கடை எது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. காராங்கூனியில் போட்ட இரண்டு பேரேடுகளில் கடையின் பெயர் இருந்திருக்கலாம். அந்தத் தெருவில் இருமுறை மேலும் கீழும் நடந்தபோதுதான் நாங்கள் செய்த தவறு எங்களுக்கு முழுதாக உறைத்தது.

மலாக்கா

பினாங்கின் வரலாறு இருநூறு ஆண்டுகளைத் தாண்டியது என்றால் மலாக்காவின் வரலாறு அறுநூறு ஆண்டு. 1511-இல் போர்த்துகீசியர் பிடிப்பதற்கு முன்பு மலாக்கா சுல்தான்களின் துறைமுகமாக இருந்தது. பல நாட்டு வணிகர்களை மேற்பார்வையிட நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள்.

அரசவையிலும் நம்மவர்களின் வழித்தோன்றல்கள் உயர்ந்த இடத்துக்குப் போனார்கள். சுல்தான் மஹ்மூது ஷாவிடம் பெண்டகாராவாக, அதாவது தலைமை அமைச்சராக இருந்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். சுல்தானின் சினத்துக்கு ஆளாகி 1510-இல் கொல்லப்பட்டார். மறு ஆண்டே மலாக்கா வீழ்ந்தது. செல்வமும் பதவியும் ஒரே நாளில் போகும் என்பதற்கு அவர் கதை ஒரு பாடம்.

மலாக்கா ஆற்றைக் கடந்து ஜோங்கர் தெருவுக்கு அடுத்த தெருக்களுக்குப் போனால் ஒன்றுக்கொன்று மிக அருகில் மூன்று வழிபாட்டுத் தலங்கள். 17ஆம் நூற்றாண்டுச் செங் ஹூன் தெங் கோயில், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், நடுவே கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-இல் மரத்தால் கட்டப்பட்டு 1872-இல் செங்கல்லால் திருப்பிக் கட்டப்பட்டது. குவிமாடம் இல்லை. அடுக்கடுக்காகக் குறுகிச் செல்லும் மூன்று நிலைக் கூரை. மினாராவைப் பார்த்தால் சீனத்துப் பகோடாவைப் போல் இருக்கும். உள்ளே ஐரோப்பியத் தூண்கள், இங்கிலாந்துப் பாணிச் சரவிளக்கு, செதுக்கு வேலை செய்த மர மிம்பர், தரையிலும் சுவரிலும் வெளிநாட்டு ஓடுகள். முற்றத்தில் ஒளுச் செய்யும் நீர்த்தொட்டி. மலாய்க் கூரை, சீன மினாரா, ஐரோப்பிய விளக்கு, தமிழ் முஸ்லிம்களின் பணம். யாருடைய வேலைத்திறன் கிடைத்ததோ அதைக் கூலி கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வணிகர்கள் கட்டிய பள்ளி என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

மலாக்காவில் பிறந்த இன்னொருவரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையின் முன்னோடி என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. அரபு, தமிழ், மலாய் என மூன்று வழியும் கலந்த குடும்பம். ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றினார். 1849-இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில், சிறுவயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை எழுதியிருக்கிறார். அக்கால மலாக்காவில் வணிகமும் கணக்கும் தமிழில் நடந்ததால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்தது என்பது அவர் தரும் காரணம்.

இதைப் படித்துச் சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள். தமிழ் என்றால் தேர்வுக்குப் படிக்கும் பாடம் என்பதுதான் அவர்கள் அறிந்தது. மலாய்க்காரர் கடையைக் 'கெடாய்' என்கிறார். கப்பலைக் 'காப்பால்' என்கிறார். வியாபாரத்தில் போடும் முதலை 'மோடால்' என்கிறார். கடை, கப்பல், முதல் ஆகிய மூன்று சொற்களும் நம்மவர்களோடு கரையிறங்கி இங்கேயே தங்கிவிட்டன. இந்த நாட்டின் ஒவ்வொரு தெருப் பலகையிலும் 'கெடாய்' என்று எழுதியிருப்பதைப் பிறகு பிள்ளைகளே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

சிங்கப்பூர்

கடைசியாக வீடு திரும்பினோம். மலாக்காவிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஆனால் பயணம் அத்துடன் முடியவில்லை. மறுநாள் காலை எம்ஆர்டி பிடித்துத் தெலுக் ஆயர் போனோம்.

"இங்கேதான் கப்பல்கள் வந்து நின்றன" என்றோம். அண்ணனின் சின்ன மகன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கடல் எங்கே?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். தெலுக் ஆயர் என்றால் நீர் சூழ்ந்த விரிகுடா என்று பொருள். 1880கள் வரை அந்தத் தெருவின் ஓரமே கடற்கரை. பிறகு மண்ணைக் கொட்டிக் கடலை நிரப்பினார்கள். கடல் தள்ளிப்போய்விட்டது. கரையிறங்கியவர்கள் கட்டியவை மட்டும் அதே இடத்தில் நிற்கின்றன.

நாகூர் தர்காவுக்கான நிலம் 1827-இல் காதர்பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டது. வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டடம் எழுந்தது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகச் செயல்படுகிறது. நம் முன்னோரின் பழைய படங்களும் பொருள்களும் அங்கே இருக்கின்றன. சற்றுத் தள்ளி, சீன மாலுமிகள் கடல் தெய்வத்துக்கு நன்றி செலுத்திய தியான் ஹோக் கெங் கோயில். இரு சமூகத்தாரும் ஒரே கரையில் ஒரே காரணத்துக்காக நின்று கையேந்தியிருக்கிறார்கள்.

அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் அது ஒரு குடிசை. நம்மவர்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்தார்கள். 1850-க்கும் 1855-க்கும் இடையில் செங்கல் கட்டடமானது. பெரியவர்கள் வாயில் இன்றும் குச்சுப் பள்ளி என்ற பெயர்தான். குடிசை போய் நூற்று எழுபது ஆண்டுகள் ஆகியும் குடிசையின் பெயரை மறக்காத சமூகம் நம்முடையது என்பதில் எங்களுக்குப் பெருமை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சௌத் பிரிட்ஜ் சாலை. அன்சார் சாயபு 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. இன்றைய கட்டடம் 1830களில் முடிந்தது. பக்கத்தில் மாரியம்மன் கோயில். பள்ளிவாசலை ஒட்டிய தெருவின் பெயர் மாஸ்க் தெரு. சீனாடவுன் என்று நாம் அழைக்கும் பகுதியின் நடுவே நம் பள்ளி இருப்பதைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் வியப்பார்கள். வரலாறு தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பு இல்லை. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அருகில் எல்லோரும் சேர்ந்துதான் குடியிருந்தார்கள். நாகூர் தர்கா, அல் அப்ரார், ஜாமிஆ ஆகிய மூன்றும் 1974-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

தஞ்சோங் பகாரைக் கடந்து போகும்போது கடையநல்லூர், தென்காசியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களை நினைத்துக்கொண்டோம். ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். மசாலா விற்றுப் பிழைக்கும் எங்களுக்கு அந்தத் தாய்மார்கள் முன்னோடிகள்.

தேக்காவில் டன்லப் தெருவில் இருக்கும் அப்துல் கஃபூர் பள்ளிவாசலை உங்களில் பலர் அறிவீர்கள். 1907-இல் கட்டத் தொடங்கியது. வாயிலுக்கு மேலே 25 கதிர்கள் கொண்ட சூரிய வடிவம். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். அந்த வட்டாரத்தில் அன்று குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. குதிரை பராமரித்த பாவியான் மக்களும் நம் வணிகர்களும் சேர்ந்து தொழுத பள்ளி அது.

எழுத்திலும் நம்மவர்கள் முன்னால் நின்றார்கள். 1887-இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கி நடத்தியவர் மகுதூம் சாயபு. அதற்கு முன்பே 1876-இல், முதல் மலாய்ச் செய்தித்தாளான 'ஜாவி பெரானாக்கான்', தமிழ் முஸ்லிம் தந்தையரும் மலாய்த் தாய்மாரும் கொண்ட குடும்பத்தவர்களால் இங்கே வெளிவந்தது.

50 காசு போன இடம்

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறோம்.

அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குப் பொறுப்பாளராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பெரிய பள்ளி கட்டுவதற்கு முன்பே அந்த நிலத்தில் கடைவீடுகளையும் குதிரை லாயங்களையும் கட்டினார். அந்த வாடகையில் பள்ளி நடந்தது. புதிய கட்டடத்துக்கும் அதுவே துணையானது. அவர் வெறும் கட்டடத்தை மட்டும் விட்டுச் செல்லவில்லை. அதற்குச் சோறு போடும் வழியையும் செய்துவிட்டுப் போனார். வக்ஃபு என்பது இதுதான்.

பினாங்கில் மறுபக்கமும் நடந்தது. கப்பித்தான் பள்ளியின் 18 ஏக்கர் காலப்போக்கில் வீடுகளும் குடிசைகளும் நெருக்கி, பராமரிப்புக் குலைந்தது. வக்ஃபுச் சொத்துகள் பலவற்றில் கணக்கு ஒழுங்காக இல்லை. அதனால் 1905-இல் அரசு ஒரு சட்டம் கொண்டு வந்து, முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளைக் கவனிக்க ஒரு வாரியம் அமைத்தது. பள்ளி மீண்டும் எழுந்து இன்றைய அழகைப் பெற்றது அதன் பிறகுதான். முன்னோர் மனமாரக் கொடுத்தது உண்மை. கணக்கு வைக்கத் தவறியதும் உண்மை. கணக்கு நின்ற இடத்தில் வக்ஃபு நின்றது. இரண்டையும் பிள்ளைகளிடம் சொன்னோம்.

ஆகவே 50 காசு எங்கே போனது? விளக்குக்கு எண்ணெயாக, தொட்டிக்குத் தண்ணீராக, கூரைக்கு ஓடாக, யாரோ ஒரு முகம் தெரியாத பயணிக்குக் கபன் துணியாகப் போனது. பாட்டனாரின் மாதச் சம்பளம் 40 வெள்ளி என்று அதே பேரேடு சொல்கிறது. ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் சொற்பம். அதிலிருந்து கொடுத்தார். நூறு ஆண்டுகள் முன்னும் பின்னும் இப்படிக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். கப்பித்தானின் பெயர் தெருவில் இருக்கிறது. இவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அடக்கத்தலத்தில்கூட இல்லை. பாட்டனாரின் தமையனார் பிடாடாரியில் அடங்கியிருந்தார். 2000களின் தொடக்கத்தில் அந்த நிலம் வீடமைப்புக்கு எடுக்கப்பட்டபோது கப்றுகள் தோண்டப்பட்டு சுவா சூ காங்குக்கு மாற்றப்பட்டன. நிலம் குறைந்த நாட்டில் இது தவிர்க்க முடியாதது. ஆனால் நம் முன்னோரைப் போய்ப் பார்க்க நமக்குக் கப்றுகள் நிலையாக இருக்கப் போவதில்லை. அவர்கள் நின்று தொழுத இடங்கள்தான் இருக்கின்றன. அதனால்தான் இவற்றைச் சுற்றுலாத் தலங்கள் என்று மட்டும் நினைத்துக் கடந்து போகக் கூடாது என்கிறோம்.

போகிறவர்களுக்கு

நான்கு நாள் விடுப்பு இருந்தால் போதும். பினாங்கில் இரண்டு இரவு, மலாக்காவில் ஓர் இரவு தங்கலாம். சிங்கப்பூர்ப் பள்ளிகளை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தே முடிக்கலாம். பழைய தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பிற சமய நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் பார்வையாளர்களை வரவேற்கிறார்கள். உடலை மூடிய உடை வேண்டும். முடிந்தால் அஸருக்கோ மஃக்ரிபுக்கோ அங்கேயே ஜமாஅத்தில் சேர்ந்து தொழுங்கள். வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்கும் நின்று தொழுதுவிட்டு வருவதற்கும் வேறுபாடு இருக்கிறது.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். போகிற வழியில் பேச விடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர்களுடைய அலமாரியில் இருக்கும் பேரேடு, பழைய கடிதம், கப்பல் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டு, ஏனென்றால் எறிந்துவிட்டு வருந்துகிறவர்கள் நாங்கள்.

நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளாக மய்யித்து உதவி, பிள்ளைகளுக்கு துணைப்பாட வகுப்பு, நோன்புக் கஞ்சி என்று செய்து வருவது அந்தப் பழைய வேலையின் தொடர்ச்சிதான். கரையிறங்கியவனுக்கு வேண்டியதைச் செய்வது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது இளையவர்கள் பலர் எழுந்து வெளியே போய்விடுகிறோம். நாங்களும் போயிருக்கிறோம். இனி உட்கார்ந்து கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கப்பித்தானின் 18 ஏக்கர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது. அந்தப் பேரேட்டையும் நம் சங்க நூலகத்தில் ஒப்படைக்க இருக்கிறோம். உங்கள் வீட்டில் இருப்பதையும் கொண்டு வந்தால் ஓர் அலமாரி நிறையும்.

பினாங்கிலிருந்து புறப்பட்ட அன்று ஃபஜ்ரு தொழுகைக்குக் கப்பித்தான் பள்ளிக்குப் போனோம். வெளியே வரும்போது அண்ணன் மகள் உண்டியலில் எதையோ போட்டாள். எவ்வளவு என்று கேட்டோம். "ஐம்பது காசு" என்றாள்.

பெயர் தெரிந்தும் தெரியாமலும் இந்தக் கரைகளில் கொடுத்துச் சென்ற நம் முன்னோர் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களுடைய கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச் சென்றதைக் காக்கும் ஆற்றலை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.